உப்பு ஒன்றரை டீஸ்பூன்: சமையல் குறிப்புக்குச் சொந்தக்காரர் உண்டா?

மாவுக்கை | செவ்வாய், இரவு 9.40

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

சமையல் குறிப்பு எழுத ஆரம்பித்து ஏழெட்டு வருடம் ஆகிறது. போன மாதம் வாழைப்பழ பிரெட் ஒன்றுக்குக் குறிப்புப் போட்டேன். பழத்தை உரித்து மசிக்காமல் தோலோடு அவனில் வைத்துக் கறுக்கவிட்டு, வடிகிற சாற்றைத் தனியாகச் சுண்டக் காய்ச்சி மாவில் சேர்க்கும் முறை. நான்கு தடவை சொதப்பியது. ஐந்தாவது தடவைதான் நடுப்பகுதி வெந்து வந்தது.

நேற்று தோழி ஒரு வீடியோ அனுப்பினாள். என் குறிப்பு, வரிக்கு வரி. ‘சாறு தேன் பதத்துக்கு வரும்போது அடுப்பை விட்டு நகராதீர்கள், நான் நகர்ந்து கெட்டேன்’ என்று எழுதியிருந்தேன். அதையும் அந்த ஆள் தன் குரலில் உருக்கமாக வாசிக்கிறார். நகர்ந்து கெட்டது நான்! முகப்புப் படமும் என்னுடையது. ஓரம் உடைந்த நீலத் தட்டு, எங்கள் வீட்டுத் தட்டு.

ஆதாரம் கேட்பீர்கள், அதற்கும் வருகிறேன். முதலில் போட்டபோது உப்பு ‘அரை டீஸ்பூன்’ என்பதற்குப் பதிலாக ‘ஒன்றரை டீஸ்பூன்’ என்று அடித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒருவர் சொல்லித் திருத்தினேன். அந்த வீடியோவில் உப்பு ஒன்றரை டீஸ்பூன். கீழே வரிசையாகப் பலர் ‘உப்புக் கரிக்கிறது’ என்று புலம்பியிருக்கிறார்கள்.

பெயராவது போடுங்கள் என்று எழுதிக் கேட்டேன். வந்த பதில் ஒரே வரி: ‘சமையல் யாருக்கும் சொந்தமில்லை சிஸ்டர்.’

நிஜமாகவே யாருக்கும் சொந்தமில்லையா?

ஊர்சுற்றி | செவ்வாய், இரவு 10.05

பிழையைக்கூடப் பார்க்காமல் காப்பியடித்தவர் சோம்பேறி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் சொன்ன பதில் சரி என்பேன். திட்டுவதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடுங்கள்.

உங்கள் பிரெட்டையே பிரித்துப் பார்ப்போம். வாழையை முதலில் பயிராக்கியது நியூகினி, தென்கிழக்காசியப் பக்கத்து மனிதர்கள். கரும்பும் நியூகினிதான். கோதுமை மேற்காசியா. பேக்கிங் பவுடர் 19ஆம் நூற்றாண்டு வேதியியல் சரக்கு. எல்லாம் ஒன்றுசேர்ந்து ‘வாழைப்பழ பிரெட்’ என்று அமெரிக்கச் சமையல் புத்தகங்களில் பரவலானது 1930களில். இவர்களில் யாருடைய பெயரையாவது உங்கள் குறிப்பில் போட்டீர்களா?

சாப்பாட்டு வரலாற்றை எங்கே தொட்டாலும் இதே கதைதான். ஜப்பானின் தெம்புரா, போர்ச்சுகீசியர்கள் மாவில் தோய்த்துப் பொரித்ததிலிருந்து வந்தது. அவர்கள் அங்கே கரையேறியது 1543, துரத்தப்பட்டது 1639. ஆட்கள் போய்விட்டார்கள், பொரித்தது தங்கிவிட்டது. தக்காளி இல்லாத இத்தாலியச் சமையலை இன்று நினைத்துப் பார்க்க முடியுமா? கொலம்பஸுக்கு முன்னால் அங்கே ஒருவர்கூடத் தக்காளியைக் கண்ணால் பார்த்ததில்லை. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் நேப்பிள்ஸில் அச்சான ஒரு சமையல் புத்தகத்தில் தக்காளி சாஸ் வருகிறது. அதன் தலைப்பிலேயே ‘ஸ்பானிய முறையில்’ என்று இருக்கிறது. அதாவது அதுவும் எடுத்ததுதான்.

எல்லோரும் எடுத்தார்கள், மாற்றினார்கள், அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். அப்படி நடந்திருக்காவிட்டால் நாம் எல்லோரும் இன்றைக்கு ஒரே கஞ்சியைத்தான் குடித்துக்கொண்டிருப்போம்.

மாவுக்கை | செவ்வாய், இரவு 10.12

‘ஸ்பானிய முறையில்’ என்று போட்டார்கள் இல்லையா? நான் கேட்பது அந்த இரண்டு வார்த்தையைத்தான் அண்ணா.

குறுக்குக்கேள்வி | செவ்வாய், இரவு 10.14

ஊர்சுற்றி அவுட். அடுத்தவர் வரலாம்.

பழையதாள் | செவ்வாய், இரவு 10.31

சமையல்காரருக்கு உரிமை என்ற யோசனை இன்று நேற்று வந்ததில்லை என்பதற்காக ஒரு பழங்கதை சொல்கிறேன். தெற்கு இத்தாலியில் சிபாரிஸ் என்று ஒரு கிரேக்க நகரம் இருந்தது. கி.மு. 510ல் அழிந்துவிட்டது. அங்கே ஒரு சமையல்காரர் புதிதாகச் சிறப்பான பதார்த்தம் ஒன்றைச் செய்துவிட்டால், ஒரு வருடத்துக்கு வேறு யாரும் அதைச் செய்யக்கூடாது, வருமானம் முழுக்க அவருக்கே என்று விதி இருந்ததாம். இதை எழுதிவைத்தவர் அதினேயஸ் என்ற கிரேக்க எழுத்தாளர், ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுக்குப் பிறகு வந்தவர். ‘ஃபைலார்கஸ் சொல்கிறார்’ என்று தனக்கு முந்தைய வரலாற்றாசிரியரின் பெயரைப் போட்டுத்தான் எழுதுகிறார். அதையும் கவனியுங்கள்.

சிபாரிஸ்காரர்கள் சுகவாசிகள் என்று கிரேக்க உலகமே கேலி பேசும். இதுவும் கேலிக்காகக் கட்டிவிட்ட கதையாக இருக்கலாம். இருந்தாலும் இப்படி ஒரு விதியை யாரோ யோசித்துப் பார்த்திருக்கிறார்கள்.

குறுக்குக்கேள்வி | செவ்வாய், இரவு 10.33

ஒரு வருடமா ஐயா? இப்போது ஒரு மத்தியானம் தாங்கினாலே பெரிய விஷயம்.

தராசுமுள் | செவ்வாய், இரவு 11.02

சட்டம் படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். இதை வக்கீல் ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் இரண்டு பேரும் வேறு வேறு பொருளைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். பழம் மூன்று, மாவு ஒன்றரை கப், சர்க்கரை முக்கால் கப் என்ற பட்டியலுக்குக் காப்பிரைட் பெரும்பாலும் எங்கேயும் கிடைக்காது. அமெரிக்காவில் 1996ல் தயிரை வைத்துச் செய்யும் பண்டங்களின் குறிப்புகளுக்காக இரண்டு பதிப்பகங்கள் வழக்காடின. பொருள் பட்டியலும், இதைப் போடு, அதைக் கிண்டு, இத்தனை நிமிடம் வேகவிடு என்ற வெறும் செய்முறையும் காப்பிரைட்டுக்குள் வராது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐரோப்பாவில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவர் தன் சீஸின் சுவைக்கே உரிமை கேட்டார். மூலிகை போட்ட டச்சு கிரீம் சீஸ். 2018ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் மறுத்துவிட்டது. காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும்: சுவை என்பது சாப்பிடுகிறவரின் வயது, பழக்கம், சூழ்நிலை எல்லாவற்றையும் பொறுத்து மாறும், இதுதான் அந்தச் சுவை என்று யாருக்கும் சந்தேகமில்லாமல் வரையறுக்க முடியாது, வரையறுக்க முடியாததற்கு எப்படி உரிமை கொடுப்பது?

ஆனால் ‘நான் நகர்ந்து கெட்டேன்’ என்ற வாக்கியம் மாவுக்கை அவர்களுடையது. நீலத் தட்டுப் படமும் அவர்களுடையது. இந்த இரண்டிலும் அந்த வீடியோக்காரருக்கு நியாயமே கிடையாது. அவர் தானே சமைத்து, தானே படம் எடுத்து, தன் வார்த்தையில் சொல்லியிருந்தால், அதே பிரெட்டாக இருந்தாலும் சட்டம் அவரை ஒன்றும் செய்யாது.

பெயருக்குப் பாதுகாப்பு வேறு வழியில் வரும், டிரேட்மார்க். 2013ல் நியூயார்க்கில் டொமினிக் அன்செல் என்ற பேக்கரிக்காரர் குரோசான் என்ற பிரெஞ்சு ரொட்டியையும் டோநட்டையும் கலந்து ‘குரோநட்’ என்று விற்றார். கடை திறக்கும் முன்பே தெருவில் வரிசை நின்றது. அவர் பதிவு செய்தது பெயரை மட்டும்தான். அதே பண்டத்தை உலகம் முழுக்க வேறு வேறு பெயரில் பொரித்து விற்றார்கள், அவரால் தடுக்க முடியவில்லை.

அடுப்படி | புதன், காலை 6.15

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து படிக்கிறேன். ஹோட்டல் சமையலறையில் பன்னிரண்டு வருடம் ஆகிறது எனக்கு. ஊர்சுற்றி சொல்கிற ‘எல்லோரும் எடுத்தார்கள், எல்லோரும் கொடுத்தார்கள்’ என்பது சாப்பிடுகிற பக்கம் உட்கார்ந்து பார்க்கும்போது அழகாகத் தெரியும். அடுப்புப் பக்கம் வாருங்கள்.

பெங் சாங்-குவெய் என்று ஒரு சமையல்காரர். சீனாவின் ஹுனான் மாநிலத்தில் பிறந்தவர், 1949ல் தைவானுக்குப் போனவர். 1950களில் அங்கே ஒரு கோழிப் பண்டத்தை உருவாக்கி, தன் மாநிலத்து ராணுவத் தளபதி ஒருவரின் பெயரை வைத்தார். அமெரிக்காவில் ‘ஜெனரல் ட்ஸோ சிக்கன்’ என்று எல்லாச் சீனக் கடைகளிலும் கிடைக்கிறதே, அதுதான். நியூயார்க்கிலிருந்து வந்த சமையல்காரர்கள் தைவானில் அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, சர்க்கரையைக் கூட்டி, மொறுமொறுப்பாக்கி, விற்க ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு 1970களில் பெங்கே நியூயார்க் வந்து கடை போட்டார். வந்தவர்கள் அவருடைய கோழியைச் சாப்பிட்டுவிட்டு ‘இது காப்பி’ என்றார்கள்!

இதைப் படித்தபோது அந்த மனிதர் அன்றைக்கு ராத்திரி கடையைச் சாத்திவிட்டு என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தேன். அவர் 2016ல், 98 வயதில் இறந்தார். பெயர் வெளியே தெரிய வந்ததே கடைசிக் காலத்தில்தான்.

எடுக்கிறவர்கள் எப்படி எடுக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. 2017ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் இரண்டு பெண்கள் புரிட்டோ (மெக்சிகோ ரொட்டிச் சுருள்) வண்டி போட்டார்கள். மெக்சிகோ கடற்கரை ஊர் ஒன்றில் தோர்த்தியா ரொட்டி தட்டும் பெண்களிடம் செய்முறை கேட்டார்களாம். பொருட்களைச் சொன்ன அந்தப் பெண்கள் கைப்பக்குவத்தைச் சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு கடைச் சமையலறையின் ஜன்னல் வழியாகவும் எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டோம் என்று பத்திரிகைப் பேட்டியில் பெருமையாகச் சொன்னார்கள். ஊரே கொந்தளித்து, வண்டியை மூடிவிட்டார்கள்.

மெக்சிகோ சாப்பாட்டை வேறு நாட்டார் விற்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றவரின் ஜன்னலில் எட்டிப் பார்த்ததுதான் உறுத்துகிறது.

ஊர்சுற்றி | புதன், காலை 8.40

அடுப்படி அண்ணே, உங்கள் பெங் கதையையே நான் எடுத்துக்கொள்கிறேன் (பெயர் போட்டுத்தான்).

அவருடைய கோழி காரமும் உப்பும் புளிப்புமாக இருந்தது, இனிப்பு கிடையாது. அமெரிக்காவில் ஓடியது மற்றவர்கள் மாற்றிய இனிப்புக் கோழிதான். பெங் 1990 வாக்கில் ஹுனானுக்கே திரும்பிப்போய்க் கடை திறந்தார். அந்த மாநிலத்தின் புகழ்பெற்ற பண்டம் என்று அமெரிக்கா முழுக்க நம்புகிற அந்தக் கோழி அங்கே எடுபடவில்லை. அவரிடம் பூட்டும் சாவியும் இருந்திருந்தால் அந்தப் பண்டம் ஒரு கடையில் இருந்து ஒரு கடையோடு முடிந்திருக்கும். இன்று நாம் அவர் பெயரைப் பேசுவதே மற்றவர்கள் எடுத்ததால்தான்.

அப்புறம், இந்தப் பூட்டு எப்போதும் யார் கையில் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். ‘டாக்கோ டியூஸ்டே’, செவ்வாய்க்கிழமை டாக்கோ (மெக்சிகோ மடிப்பு ரொட்டி), அவ்வளவுதான் அர்த்தம். 1989லிருந்து ஒரு அமெரிக்கச் சங்கிலிக் கடையிடம் இது டிரேட்மார்க்காக இருந்தது. சின்னச் சின்ன மெக்சிகோ உணவகங்கள் அதைப் பலகையில் எழுதினால் நோட்டீஸ் போகும். 2023ல் அதைவிடப் பெரிய சங்கிலிக் கடை ஒன்று எதிர்த்த பிறகுதான் விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த வருடமே இன்னொன்று. டேவிட் சாங் என்ற பெரிய சமையல்காரரின் மோமோஃபுகு நிறுவனம் ‘சில்லி கிரஞ்ச்’ என்ற பெயர் எங்களுடையது என்று சிறிய வியாபாரிகளுக்குக் கடிதம் அனுப்பியது. கடிதம் வாங்கியவர்களில் பலர் அவரைப் போலவே ஆசியக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். மொறுமொறு மிளகாய் எண்ணெய் சீனக் குடும்பங்களில் காலங்காலமாக இருக்கிற சமாச்சாரம். கூச்சல் கிளம்பியதும் 2024 ஏப்ரலில் அவர் மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கினார்.

மாவுக்கை அக்காவுக்காக உரிமை கேட்கிறீர்கள். நாளைக்கு அந்த உரிமை சட்டமாக வந்தால் முதல் ஆளாகப் போய்ப் பதிவு செய்வது அக்கா இல்லை. இருபது வக்கீல் வைத்திருக்கிற கம்பெனிதான். அப்போது அக்கா தன் சொந்த பிரெட்டைச் செய்ய அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டிவரும்.

அடுப்படி | புதன், காலை 9.10

தூங்கப் போகிறேன் என்று பார்த்தால் விடமாட்டீர்கள் போலிருக்கிறது.

கம்பெனி பூட்டுப் போடும் என்பது சரி. ஆனால் ‘யாருக்கும் சொந்தமில்லை’ என்று திறந்து வைத்தாலும் அதே கம்பெனிதானே முதலில் உள்ளே வருகிறது? மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பது எத்தனை பாட்டிகளுக்குத் தெரியும்! 1995ல் அதற்கு அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கினார்கள். இந்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும் கட்டுரைகளையும் காட்டி வாதாடி, 1997ல் ரத்தானது. எழுத்தில் இருந்ததால் தப்பித்தது. எழுத்தில் இல்லாத கைப்பக்குவத்துக்கு எதைக் கொண்டுபோய்க் காட்டுவார்கள்?

தராசுமுள் | புதன், காலை 9.48

அந்தக் கேள்வி இப்போதுதான் மெதுவாக நகர்கிறது. 2024 மே மாதம் ஜெனிவாவில் உலக அறிவுசார் சொத்து அமைப்பு ஒரு உடன்படிக்கையை ஏற்றது. மரபுவழி அறிவை வைத்துப் பேட்டன்ட் கேட்கிறவர், அது எந்தப் பழங்குடியினரிடமிருந்து, எந்தச் சமூகத்திடமிருந்து கிடைத்தது என்று விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும். பயிர், மூலிகை போன்ற மரபணு வளத்தோடு சேர்ந்த அறிவுக்கு மட்டும்தான் இது பொருந்தும், சமையல் குறிப்புக்கு இல்லை. ஆனால் கேட்கிற விஷயம் ஒன்றுதான்: எங்கே எடுத்தாய், சொல்.

பழையதாள் | புதன், காலை 11.20

பெயரைச் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எந்தப் பெயரை? 2021ல் டிக்டாக் முழுக்க ஒரு பாஸ்தா ஓடியது ஞாபகமிருக்கிறதா? செர்ரித் தக்காளிக்கு நடுவில் ஒரு கட்டி ஃபெட்டா சீஸை வைத்து, எண்ணெய் ஊற்றி, அவனில் வேகவைத்து, வெந்த பாஸ்தாவைப் போட்டுக் கிளறுவது. அதைப் பரப்பியவர் ஃபின்லாந்தின் யென்னி ஹைரினென், 2019லேயே போட்டவர். அங்கே கடைகளில் ஃபெட்டாவுக்குத் தட்டுப்பாடு என்று செய்தி வந்தது. இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவுக்குப் போய் உலகம் சுற்றியது. நல்ல வேளையாக எடுத்தவர்களில் சிலர் பெயரைச் சொன்னார்கள், பத்திரிகைகள் அவரைத் தேடிப் போயின.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாத்திரத்திலிருக்கிற ‘ஃபெட்டா’ என்ற சொல்லுக்கு இரும்புப் பூட்டு இருக்கிறது. 2002லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரீஸில் செய்வது மட்டுமே ஃபெட்டா. டென்மார்க் அந்தப் பெயரில் சீஸ் செய்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யவிட்டது. அதற்கும் 2022ல் நீதிமன்றம் தடை போட்டது. ஆக, சீஸின் பெயர் கிரேக்கர்களுக்குச் சொந்தம், அதை வைத்துச் செய்த பாஸ்தா யாருக்கும் சொந்தமில்லை. ஒரே தட்டில் இரண்டு நியாயம்.

கூஸ்கூஸ் என்ற வட ஆப்பிரிக்க ரவை உணவு விஷயத்தில் இன்னொரு வழி பார்த்தார்கள். அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா, மொரிடானியா நான்கும் எங்களுடையது, எங்களுடையது என்று முட்டிக்கொள்ளாமல் சேர்ந்தே யுனெஸ்கோவுக்கு விண்ணப்பித்து 2020ல் பட்டியலில் இடம் பிடித்தன. யுனெஸ்கோ பட்டியல் உரிமைப் பத்திரம் ஆகாதுதான். ஆனாலும் அரசியலில் அடித்துக்கொள்கிற நாடுகள் ஒரு சட்டியைச் சுற்றி உட்கார்ந்தன, அது சின்ன விஷயமா?

குறுக்குக்கேள்வி | புதன், காலை 11.26

அன்னாசிப் பழ பீட்சாவை யார் பெயரில் போடுவது? செய்தவர் கிரீஸில் பிறந்த சாம் பனோபூலோஸ், கடை இருந்தது கனடாவில், வருடம் 1962, பண்டம் இத்தாலி, பழத்தின் பூர்வீகம் தென்னமெரிக்கா, பெயர் மட்டும் ஹவாய். அதுவும் பழம் வந்த டப்பாவில் அந்தப் பெயர் இருந்ததாம். ஹவாய்க்காரர்கள் பாவம், சம்பந்தமே இல்லாமல் உலகம் முழுக்கத் திட்டு வாங்குகிறார்கள்.

ஊர்சுற்றி | புதன், மாலை 5.30

நாள் பூராவும் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறோம்: பெயர். சரி, அப்படியானால் மாவுக்கை அக்காவிடம் ஒரு கேள்வி. வம்புக்குக் கேட்கவில்லை.

பழத்தைத் தோலோடு அவனில் கறுக்கவிடுவது எனக்கும் தெரியும். பச்சையாக இருக்கிற பழத்தைச் சீக்கிரம் இனிப்பாக்க நிறையப் பேர் செய்கிற வேலை. சாற்றைச் சுண்டக் காய்ச்சுவதையும் கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் எங்கே கற்றீர்கள்? அது உங்கள் குறிப்பில் இருக்கிறதா? இப்போது போய்ப் படித்துவிட்டுத்தான் வருகிறேன், எனக்குத் தென்படவில்லை.

குறுக்குக்கேள்வி | புதன், மாலை 5.34

அய்யோ.

அடுப்படி | புதன், இரவு 7.50

இது குறுக்கே இழுக்கிற வேலை. அக்கா ஐந்து தடவை செய்து பார்த்து எழுதியிருக்கிறார். அந்த ஆள் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. செய்திருந்தால் முதல் வாயிலேயே உப்பு தெரிந்திருக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஊர்சுற்றி | புதன், இரவு 8.05

ஒரே தராசு என்று நான் சொல்லவில்லை அண்ணே. கேள்வி மட்டும்தான் கேட்டேன்.

மாவுக்கை | வியாழன், காலை 7.10

நேற்று பார்த்தேன். பதில் சொல்ல ஒரு ராத்திரி ஆகிவிட்டது, ஏனென்றால் கேள்வி சரியான இடத்தில் குத்தியது.

மூன்று வருடத்துக்கு முன்னால் நான் போட்ட வேறொரு கேக் குறிப்புக்குக் கீழே ஒரு அம்மா எழுதியிருந்தார். ‘பழம் கனியவில்லை என்றால் தோலோடு அவனில் போடு கண்ணு, வடியும் தண்ணியைக் கொட்டிவிடாதே, அதில்தான் ருசி இருக்கிறது, சுண்டவை.’ நான் ஒரு இதயம் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். மறந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஐந்து தடவை செய்து பார்த்ததில் அது என் யோசனை என்றே ஆகிவிட்டது. தேடினேன், கிடைத்தது. அவருடைய கணக்கில் படம் இல்லை, ‘தங்கம்மா’ என்ற சொல் மட்டும் இருக்கிறது. அதுவும் சொந்தப் பெயர் மாதிரி தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கேயும் எழுதவில்லை.

குறிப்பின் முதல் வரியை மாற்றிவிட்டேன்: ‘தோலோடு கறுக்கவிடுவதும் சாற்றைச் சுண்டவைப்பதும் தங்கம்மா என்ற வாசகி சொல்லித் தந்தவை. பதம், அளவு, சொதப்பல்கள் என்னுடையவை.’

எழுத இரண்டு நிமிடம்தான் ஆனது.

அந்த வீடியோக்காரர்மேல் எனக்குக் கோபம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை.

ஊர்சுற்றி | வியாழன், காலை 7.32

அக்கா, உங்களை மடக்கக் கேட்டேன் என்று நினைக்காதீர்கள். (கொஞ்சம் மடக்கத்தான் கேட்டேன். மன்னிக்கவும்.)

என் கட்சியிலிருந்து நான் இறங்கவில்லை. தங்கம்மா யாரிடம் கற்றார்? அவருக்கு யார் சொன்னார்கள்? ஏதோ ஒரு இடத்தில் பெயர் தீர்ந்துபோகும், அதற்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் ‘யாரோ’ ஆகிவிடுவார்கள். பெயர் போடுவது மரியாதை, போடாதவன் மரியாதை கெட்டவன், அதுவரை சம்மதம். அதைச் சொத்தாக்கி, சொத்துக்குக் காவல் போட்டால், முதலில் மாட்டுவது தங்கம்மா மாதிரி ஆட்கள்தான். அவரிடம் எந்தப் பத்திரமும் இல்லை.

அடுப்படி | வியாழன், காலை 8.15

மரியாதை என்று மட்டும் விட்டால் பணம் எங்கே போகிறது என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கிறது தம்பி. அந்த வீடியோவுக்கு விளம்பரக் காசு வரும். அக்காவின் குறிப்பைத் தேடுகிறவருக்குக்கூட முதலில் வீடியோதான் வந்து நிற்கும். இப்போது தேடினால் குறிப்பையே மென்று ஒரு பத்தியாக இயந்திரம் துப்பிவிடுகிறது. அதில் தங்கம்மாவும் இல்லை, மாவுக்கையும் இல்லை, அந்தத் திருடன்கூட இல்லை. எங்கள் சமையலறையில் ஒரு பையன் புதிதாக ஒரு சட்னி அரைத்தால் அதை மெனுவில் அவன் பெயரோடு போடுவோம், அந்த மாதம் அவனுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்போம். சட்டம் சொல்லிச் செய்யவில்லை. ஆனால் எங்களை முகத்துக்கு நேராகப் பார்க்க அவன் பக்கத்து அடுப்பில் நிற்கிறான். இணையத்தில் பக்கத்து அடுப்பு ஏது?

தராசுமுள் | வியாழன், காலை 9.00

நடைமுறைக்கு வருகிறேன். குறிப்புக்காகச் சண்டை போட வேண்டாம், தோற்றுவிடுவீர்கள். படத்துக்காகப் போடுங்கள். பெரும்பாலான தளங்களில் காப்பிரைட் புகார் படிவம் இருக்கிறது. அமெரிக்காவில் 1998ல் வந்த சட்டத்தின் புண்ணியம் அது. புகார் வந்ததும் தளம் அதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கே சிக்கல். நீலத் தட்டின் அசல் கோப்பு, எடுத்த தேதியோடு உங்கள் போனில் இருக்கும், அழிக்காதீர்கள். வீடியோவில் உங்கள் வாக்கியங்கள் வரும் இடங்களை நிமிடம், நொடியோடு குறித்து வையுங்கள். உப்பு வரும் இடத்தையும் குறியுங்கள். பழைய வரைபடக்காரர்கள் காப்பியைப் பிடிக்க இல்லாத ஊரை வரைபடத்தில் போட்டுவைப்பார்கள். உங்களுக்கு அது தானாகவே அமைந்துவிட்டது.

பழையதாள் | வியாழன், காலை 9.25

நியூயார்க் மாநில வரைபடத்தில் அப்படிப் போட்ட ‘ஆக்லோ’ என்ற இல்லாத ஊரில், பிறகு வரைபடத்தை நம்பி யாரோ நிஜமாகவே அந்தப் பெயரில் கடை திறந்துவிட்டார்கள். அதனால் ஜாக்கிரதை. ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்ட வாழைப்பழ பிரெட்டே நாளைக்கு ஒரு வகையாகிவிடப் போகிறது.

மாவுக்கை | வியாழன், இரவு 9.15

படிவத்தை நிரப்பலாம் என்று அந்த வீடியோவை மறுபடி திறந்தேன்.

கீழே விவரக் குறிப்பில் உப்பை அரை டீஸ்பூன் என்று மாற்றியிருக்கிறார்கள். நேற்றுவரை ஒன்றரை. குரலில் இன்னும் ஒன்றரைதான் சொல்கிறார்.

குறுக்குக்கேள்வி | வியாழன், இரவு 9.17

அப்படியானால் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்! வணக்கம் சார்.

ஊர்சுற்றி | வியாழன், இரவு 9.20

பெயர்?

மாவுக்கை | வியாழன், இரவு 9.21

வரவில்லை. தட்டும் அதே தட்டுதான்.